ஒரே ரிசீவர், மூணு ரூம்: சோன் 2-ஐ நம்பி 9.2 வாங்கலாமா?

மார்ச் 2, இரவு 9.50 – மடிப்பாக்கம்

புது வீட்டுக்கு வயரிங் ஓடிட்டிருக்கு. ஹால் 12க்கு 16 அடி, சோபா பின்சுவரை ஒட்டித்தான் வரும். டிவிக்கு 5.1.2 அட்மாஸ் வேணும், அதாவது சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மேல ரெண்டு. சமையலறையிலயும் படுக்கையறையிலயும் பாட்டு மட்டும் கேட்டா போதும். 9.2 ரிசீவர் (டிவி, ஸ்பீக்கர் எல்லாத்தையும் இணைச்சு ஓட்டற பெட்டி) ஒன்னு எடுத்தா மூணு ரூமும் முடிஞ்சுது, தனியா எதுவும் வேண்டாம்னு கடையில சொல்றாங்க. பெட்டியில சேனலுக்கு 150 வாட்ஸ்னு போட்டிருக்கு. எடுத்துடலாமா?

மார்ச் 2, இரவு 11.15 – பீளமேடு

எடுக்காதீங்க. முதல்ல கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 9.2-ல 9 ஆம்ப் சேனல், அதாவது 9 ஸ்பீக்கரை ஓட்டலாம். புள்ளி 2 சப்வூஃபர் அவுட். ஹாலுக்கு 5, மேல ரெண்டு, ஆக 7 போச்சு. மிச்சம் 2. அது ஒரு ரூமுக்கு இடது, வலது, அந்த ரெண்டாவது ரூமைத்தான் சோன் 2-ங்கறாங்க. மூணாவது ரூமுக்கு ஆம்பே கிடையாது. சோன் 3-னு பின்பக்கம் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது ப்ரீ-அவுட் மட்டும்தான், அதாவது சிக்னல் வரும், ஸ்பீக்கரை ஓட்ட வேற ஆம்ப் வைக்கணும்.

சமையலறை, படுக்கையறை ரெண்டையும் சோன் 2-லயே சேர்த்துக் கட்டலாம்னு அடுத்து சொல்வாங்க. 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டை பேரலலாக் கட்டினா ரிசீவருக்கு 4 ஓமாத் தெரியும். கரண்ட் ரெட்டிப்பு, சூடும் கூட. கோடையில மூடின டிவி யூனிட்டுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடினதும் புரொடெக்‌ஷன்ல போய் அணைஞ்சுக்கலாம். தவிர ரெண்டு ரூமுக்கும் ஒரே வால்யூம். குக்கர் விசில், எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்துக்கு மேல கேக்கற அளவு வெச்சா படுக்கையறையில யாரும் தூங்க முடியாது.

மார்ச் 3, காலை 6.40 – பீளமேடு

ராத்திரி விட்டுப்போன முக்கியமான விஷயம்: சோன் 2-க்கு என்ன சோர்ஸ் போகும்னு பார்த்தீங்களா? இந்த ஒரு கேள்விக்குத்தான் கடையில பதில் இருக்காது. நிறைய ரிசீவர்ல சோன் 2-க்கு அனலாக் இன்புட், ரேடியோ, புளூடூத், நெட்வொர்க் மட்டும்தான் போகும். டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாவோ ஆப்டிக்கல் வழியாவோ வர்ற சத்தம் போகாது. காரணம், சோன் 2-க்குன்னு தனி டிஏசி (டிஜிட்டலை அனலாகா மாத்தற சிப்) வைக்காம செலவை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. ஹால்ல மேட்ச் ஓடுது, சமையலறையிலயும் கமெண்டரி கேக்கணும்னு நினைச்சா அங்க மௌனம்தான்.

இன்னொன்னு. நெட்வொர்க் பிளேயர் பல ரிசீவர்ல உள்ள ஒன்னே ஒன்னுதான். ஹால்லயும் சோன் 2-லயும் ஒரே நேரத்துல ரெண்டு வேற பாட்டை போன்லேர்ந்து அனுப்ப முடியாது. அனுப்பினா ரெண்டு இடத்துலயும் ஒரே பாட்டு ஓடும். “மல்டி ரூம்”னு அட்டையில எழுதியிருக்கறதை வெச்சு ஆளுக்கொரு பாட்டுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

மார்ச் 3, காலை 8.05 – திருச்சி

சோர்ஸ் விஷயத்துல ஒரு திருத்தம். டிஜிட்டல் போகவே போகாதுங்கறது கீழ் வரிசை மாடல்களுக்குத்தான் சரி. நடுத்தர வரிசையிலேர்ந்து எச்டிஎம்ஐ சத்தத்தை ரெண்டு சேனலாச் சுருக்கி சோன் 2-க்கு அனுப்பற ரிசீவர் இருக்கு. ஆனா அதுலயும் ஒரு கொக்கி: சிலதுல வர்ற சிக்னல் பிசிஎம்மா (சுருக்காத டிஜிட்டல்) இருந்தாத்தான் போகும், டால்பியா (சுருக்கின சரவுண்ட்) வந்தா போகாது. சிலதுல ‘ஆல் சோன் ஸ்டீரியோ’ போட்டாத்தான் போகும், அப்ப ஹால்லயும் சரவுண்ட் போயிடும், எல்லாமே ஸ்டீரியோ ஆயிடும். மேனுவலை பிடிஎஃப்பா இறக்கி ‘சோன் 2’ பக்கத்தோட அடிக்குறிப்பைப் படிங்க. விஷயம் அங்கதான் பொடி எழுத்துல இருக்கும்.

மார்ச் 3, மதியம் 1.20 – பீளமேடு

திருச்சிக்காரர் சொன்னது சரி. நான் எல்லாத்துக்கும் பொதுவா எழுதிட்டேன்.

150 வாட்ஸுக்கு வர்றேன். அந்த எண்ணுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. “1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன்”னு இருந்தா அது விளம்பர எண். “20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல், 0.08 சதவீதம்”னு இருந்தா அதை நம்பலாம். 150 போட்ட அதே பெட்டியில ரெண்டாவது வரி 80, 90-னு இருக்கும். அஞ்சு, ஏழு சேனலும் ஒரே நேரத்துல முழுசா ஓடினா அதுவும் குறையும்.

உங்களுக்கு எவ்வளவு வேணும்? ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல்னு வெச்சுக்குவோம். அது 1 மீட்டர்ல, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தா வர்ற அளவு. சோபா 3 மீட்டர் தள்ளி. திறந்த வெளிக் கணக்குல 9.5 டெசிபல் போய் 77.5 நிக்கும். ரிசீவர் வால்யூம் மைனஸ் 15-ல ஒரு படம் பார்க்கறீங்க, உச்சம் 90 டெசிபல். 12.5 டெசிபல் கூட வேணும். அது 18 வாட்ஸ். அவ்வளவுதான். அதையே தியேட்டர் ரெஃபரன்ஸ்ல, வால்யூம் 0-ல, 105 டெசிபல் உச்சத்தோட கேக்கணும்னா கணக்கு 560 வாட்ஸுக்கு மேல போகும். அறைச் சுவர் கொஞ்சம் திருப்பித் தர்றதால நிஜத்துல அதுல பாதி போதும். அதையும் எந்த நடுத்தர ரிசீவரும் தராது. 80-க்கும் 100-க்கும் இடையில காதுக்குத் தெரியற வித்தியாசம் 1 டெசிபல். வாட்ஸுக்காகப் பணம் சேர்த்துக் கொடுக்காதீங்க. 87-க்குப் பதிலா 90 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தா அந்த 18 வாட்ஸ் 9 ஆயிடும்.

மார்ச் 3, இரவு 10.30 – மடிப்பாக்கம்

அப்ப 7.2 போதும்னு சொல்றீங்களா சார்? மத்த ரெண்டு ரூமுக்கு என்ன பண்றது?

மார்ச் 4, காலை 7.00 – பீளமேடு

7.2 போதும். ஏழும் ஹாலுக்கே: முன்னாடி மூணு, பக்கத்துல ரெண்டு, மேல ரெண்டு. சோன் 2-ஐ அதுல ஆம்பா அசைன் பண்ணாதீங்க. பண்ணினா மேல இருக்கற ரெண்டு ஸ்பீக்கரோட ஆம்ப்தான் அங்க போகும். சமையலறையில பாட்டு போட்ட நேரமெல்லாம் ஹால்ல அட்மாஸ் ஊமையாயிடும்.

மத்த ரெண்டு ரூமுக்கும் ஆளுக்கொரு ஸ்ட்ரீமிங் ஆம்ப், அதாவது நெட்வொர்க்ல பாட்டை வாங்கி ஸ்பீக்கரை ஓட்டற பெட்டி. வியிம் ஆம்ப் மாதிரி ஒரு சாண் சதுரத்துக்குள்ள அடங்கற பெட்டி, 8 ஓமுக்கு 60 வாட்ஸ். ரூமுக்குத் தனி வால்யூம், தனிப் பாட்டு, வேணும்னா குரூப் பண்ணி ஒரே பாட்டு. ரிசீவரை ஆன் பண்ணவே வேண்டாம். காலையில அம்மா சுப்ரபாதம் போட ஹால்ல ஒரு பெரிய பெட்டி சூடாகணும்னு அவசியம் இல்ல.

எல்லாத்தையும் எந்த மொழியில பேச வைக்கறதுன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. டெனான், மராண்ட்ஸ்ல ஹியோஸ்ங்கற மல்டி ரூம் முறை. யமஹாவுல மியூசிக்காஸ்ட். ஒன்னு இன்னொன்னோட குரூப் ஆகாது. ஏர்ப்ளே 2 கம்பெனி தாண்டி குரூப் ஆகும், ஆனா ஆப்பிள் போன் வேணும். வீட்டுல எல்லார்கிட்டயும் ஆண்ட்ராய்டுதான்னா கூகுள் காஸ்ட் இருக்கற ரிசீவராப் பாருங்க. எல்லாத்துலயும் இருக்காது, பெட்டியில லோகோ இருக்கான்னு நேர்ல பாருங்க. முன்னாடி ரிசீவர்ல சொருகிக்க குரோம்காஸ்ட் ஆடியோன்னு ஒரு சின்ன வட்டம் கிடைச்சுது, 2019-ல நிறுத்திட்டாங்க.

மார்ச் 4, காலை 9.45 – திருச்சி

ஒரு மாற்றுக் கருத்து. வயரிங் ஓடற நேரம்ங்கறதால சோன் 2-ஐ ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். மேட்ச் கமெண்டரி சமையலறைக்கு வேணும்னா சோன் 2 ப்ரீ-அவுட்தான் நல்ல வழி. நெட்வொர்க்ல அனுப்பினா பஃபர் ஆகித்தான் போகும். ஹால் சத்தம் ஒரு பக்கம், சமையலறை சத்தம் பின்னாலயே எதிரொலி மாதிரி. ஒரே நேரத்துல ரெண்டும் காதுல விழற வீட்டுல அதைக் கேக்கவே முடியாது. பாட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, ஏன்னா குரூப் பண்ணினா எல்லாமே ஒன்னா காத்திருந்து ஆரம்பிக்கும்.

மார்ச் 4, இரவு 8.10 – பீளமேடு

ஒத்துக்கறேன், இந்த ஒரு தேவைக்கு அதுதான் வழி. அப்ப முடிவைக் கொஞ்சம் மாத்தறேன்: 7.2-லயே சோன் 2 ப்ரீ-அவுட் இருக்கற, எச்டிஎம்ஐ சத்தத்தை சோன் 2-க்கு விடற மாடல். அந்த ப்ரீ-அவுட்டை சமையலறை ஸ்ட்ரீமிங் ஆம்போட லைன்-இன்ல (வெளி சிக்னல் வாங்கற சாக்கெட்) கொடுங்க. பாட்டுக்கு ஆம்ப் தானே பார்த்துக்கும், மேட்ச்சுக்கு லைன்-இன். அட்மாஸும் போகாது, ஏன்னா ரிசீவரோட ஆம்பை யாரும் தொடலை. அந்த ஆம்ப் சமையலறைக்குள்ள வேண்டாம், எண்ணெய்ப் புகை ஏறும். ரிசீவர் பக்கத்துலயே வெச்சு ஸ்பீக்கர் வயரை மட்டும் ஓட்டுங்க.

மார்ச் 5, காலை 6.20 – பீளமேடு

வயர். இதுல இப்ப தப்பு பண்ணினா பிறகு சுவரை உடைக்கணும்.

ஸ்பீக்கர் வயரோட மின்தடை ஸ்பீக்கர் ஓம்ல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓமுக்கு 0.4. சமையலறை 15 மீட்டர்னா போக வர 30 மீட்டர். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்புல அது 0.34 ஓம், பாஸ். 2.5 ஸ்கொயர்ல 0.21. ஹால்ல 8 மீட்டருக்குள்ள எல்லாத்துக்கும் 1.5 தாராளம். 4 ஓம் ஸ்பீக்கர்னா வரம்பு 0.2-தான், அப்ப 15 மீட்டருக்கு 2.5-உம் விளிம்புல நிக்கும், 4 ஸ்கொயர் போடுங்க.

முழுச் செம்பான்னு பாருங்க. அலுமினியத்து மேல செம்புப் பூச்சு போட்ட வயர் நிறைய விக்குது. நுனியை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையாத் தெரியும். தூக்கினாலே எடை குறைவு. அதே தடிமன்ல மின்தடை ஒன்னரை மடங்குக்கு மேல.

ஸ்பீக்கர் வயரும் 230 வோல்ட் வயரும் ஒரே பைப்ல போகக் கூடாது. உறுமல் வர்றது அப்புறம், முதல்ல அது ஆபத்து. சுவர்ல ஒரு அடி இடைவெளி விட்டு தனிப் பைப். ரெண்டும் குறுக்க வந்தா நேர் செங்கோணத்துல தாண்டட்டும். எலெக்ட்ரீஷியன் ஒரே காடி போதும்னு சொல்வார், விடாதீங்க.

மார்ச் 5, காலை 11.30 – மடிப்பாக்கம்

டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவுல 25 மி.மீ. பைப் போட்டாச்சே. எச்டிஎம்ஐ போகுமா?

மார்ச் 5, மதியம் 2.00 – பீளமேடு

நேர் பைப்னா போகலாம். ஒரு பெண்ட் இருந்தாலே சிக்கும். எச்டிஎம்ஐ பின்னோட இரும்பு மூக்கு 14 மி.மீ.தான், ஆனா அதைப் பிடிக்கற பிளாஸ்டிக் தலை 20 மி.மீ. அகலம், நீளமும் உண்டு. வளைவுல தலை திரும்பாது. இன்னும் பூசலைன்னா பிரிச்சு 40 மி.மீ. போட்டுடுங்க, எல்போ வேண்டாம், நீள வளைவு. உள்ள ஒரு நைலான் கயிறையும் விட்டு வைங்க. இன்னைக்கு போடற கேபிள் அஞ்சாறு வருஷத்துல மாறும், பைப் மாறாது.

5 மீட்டருக்குள்ள நல்ல செம்பு கேபிள் போதும். அதுக்கு மேலன்னா ஃபைபர் எச்டிஎம்ஐ. அதுக்கு திசை உண்டு, ஒரு முனையில ‘சோர்ஸ்’, மறு முனையில ‘டிஸ்ப்ளே’ன்னு போட்டிருக்கும். ரிசீவர் பக்கம் சோர்ஸ். தலைகீழா இழுத்துட்டா படமே வராது. ஈ-ஆர்க் (டிவி சத்தம் அதே கேபிள்ல ரிசீவருக்குத் திரும்பற வழி) வேலை செய்யும்னு கேபிள் பெட்டியில தெளிவா எழுதியிருக்கணும், படம் மட்டும் வந்து சத்தம் திரும்பாத ஃபைபர் கேபிளும் இருக்கு.

மார்ச் 5, இரவு 9.00 – திருச்சி

ஈ-ஆர்க் பேச்சு வந்ததால ஒன்னு. டிவியோட ஆப்லேர்ந்து வர்ற ஓடிடி அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ல வர்றது. அதுக்குப் பழைய ஆர்க்கே பெரும்பாலும் போதும். புளூரே டிஸ்க்கோட ட்ரூஎச்டி அட்மாஸை டிவி வழியாத் திருப்பணும்னாத்தான் ஈ-ஆர்க் கட்டாயம். ஆப்டிக்கல்ல அட்மாஸே வராது, அதிகபட்சம் சாதா 5.1. புளூரே, கேம் கன்சோலை நேரா ரிசீவர்ல சொருகினா இந்தக் கவலையே இல்ல. கன்சோல் வெச்சு 4கே 120 (நொடிக்கு 120 ஃபிரேம்) ஆடறவங்க மட்டும் எந்த எச்டிஎம்ஐ இன்புட்ல 40 ஜிகாபிட் இருக்குன்னு கேளுங்க, எல்லா இன்புட்லயும் இருக்காது. 2020-ல வந்த முதல் தொகுதி எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள்ல சிலதுல கன்சோல் 4கே 120-ல கறுப்புத் திரை வந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல அந்த வருஷ மாடல் எடுத்தா சரி பண்ணினதான்னு கேட்டுட்டு எடுங்க.

மார்ச் 6, காலை 7.30 – பீளமேடு

செகண்ட் ஹேண்ட்னதும் ஞாபகம் வருது. அமெரிக்காவுலேர்ந்து யாராவது கொண்டு வர்ற ரிசீவர் பாதி விலைன்னு கிடைக்கும். பின்பக்கத் தகட்டுல ‘120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்’னு இருந்தா நம்ம 230-ல நேரா சொருகக் கூடாது. சொருகின நிமிஷம் ஃபியூஸோ பவர் சப்ளையோ போகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 1000 விஏ வேணும், அது இரும்புக் கட்டி மாதிரி கனமா ஒரு ஓரத்துல ஊளையிட்டுக்கிட்டே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர் 50-ல கூடுதலாச் சூடாகும். இங்க வாரண்டியும் செல்லாது. மிச்சம் பிடிச்சது இதுலயே கரைஞ்சுடும்.

இன்வெர்ட்டர் சதுர அலை டைப்னா ரிசீவரை அந்த லைன்ல போடாதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். சைன் வேவ்னா போடலாம்.

மார்ச் 8, மாலை 5.40 – மடிப்பாக்கம்

பைப் பிரிச்சு 40 போட்டாச்சு. மேல ரெண்டு ஸ்பீக்கர் எங்க வரணும் சார்? ஹால் மேல்தளம் கான்க்ரீட், ஃபால்ஸ் சீலிங் ஓரத்துல மட்டும். நடுவுல ஃபேன்.

மார்ச் 8, இரவு 10.00 – பீளமேடு

தளத்தைக் கொத்தாதீங்க. சோபாவுக்கு ரெண்டு மூணு அடி முன்னாடி, ரெண்டு பக்கச் சுவரிலயும் தளத்தை ஒட்டி, காதைப் பார்த்துச் சாய்ச்சு பிராக்கெட்ல மாட்டுங்க. ரிசீவர்ல ‘டாப் மிடில்’. அதுக்கு இடமில்லைன்னா டிவி சுவரோட உச்சியில ரெண்டு மூலையிலயும் மாட்டி ‘ஃப்ரண்ட் ஹைட்’. மேல பார்த்து அடிச்சுத் தளத்துல எதிரொலிக்க வைக்கற டைப் வேண்டாம். அதுக்குத் தட்டையான, வெறும் தளம் வேணும். நடுவுல ஃபேன் இறக்கை சுத்தற ரூம்ல அது சரியா வராது.

பக்க ஸ்பீக்கர் சோபாவுக்கு நேர் பக்கவாட்டுலயோ ஒரு சாண் பின்னாடியோ, காது உயரத்துக்குக் கொஞ்சம் மேல. பின்னாடி ரெண்டுன்னு 7.1 யோசிக்கவே வேண்டாம், சோபா சுவரை ஒட்டி இருக்கு, தலைக்குப் பின்னால காத்துக்கே இடமில்ல.

மார்ச் 15, காலை 8.20 – பீளமேடு

மாட்டும்போது ஒரே ஒரு இடத்துல நிதானம் வேணும். வயர் நுனியில 12 மி.மீ. உறையை உரிச்சு, இழைகளை ஒரே திசையில இறுக்கி முறுக்கி, பனானா பிளக்ல கடைசி இழை வரைக்கும் உள்ள போச்சான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. தலைமுடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை வெளிய நீட்டி பக்கத்து முனையையோ இரும்புப் பெட்டியையோ தொட்டா போதும், ஆன் பண்ணினதும் ‘டிக்’னு அணைஞ்சு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ரிசீவர் பழுதுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறதுல நிறைய இதுதான். எல்லா ஸ்பீக்கரையும் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாருங்க, அணையாம இருந்தா வயர்லதான் கோளாறு. ஒவ்வொன்னா மாட்டிப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சுடும்.

மார்ச் 15, இரவு 9.15 – பீளமேடு

கேலிப்ரேஷன், அதாவது மைக் வெச்சு ரூமுக்கு ஏத்த மாதிரி ரிசீவரைச் சரி பண்ண வைக்கறது. ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் சத்தம் எல்லாம் நிறுத்துங்க. மைக்கை சோபா மேல, தலையணை மேல வைக்காதீங்க. காது உயரத்துல டிரைபாட்ல நிறுத்துங்க, சோபாவோட முதுகுலேர்ந்து ஒரு சாண் தள்ளி. ரிசீவர்ல இதுக்கு ஆடிஸ்ஸி எக்ஸ்டி, எக்ஸ்டி32 இருந்தா எட்டு இடம் வரைக்கும் கேக்கும். எட்டையும் எடுங்க, ஆனா நடு இருக்கையைச் சுத்தி ரெண்டடிக்குள்ள. முதல் இடம் மட்டும் சரியா நடுவுல இருக்கணும், தூரமும் அளவும் அதை வெச்சுத்தான் போடும்.

சப்வூஃபர்ல இருக்கற கிராஸோவர் (பாஸைப் பிரிக்கற எல்லை) திருகை முழுசாத் திறந்து விடுங்க, வால்யூமை பாதியில வைங்க. முடிஞ்சதும் மெனுவுக்குள்ள போய் ‘லார்ஜ்’னு போட்டிருந்தா எல்லாத்தையும் ‘ஸ்மால்’ ஆக்கி 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ உள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போகும். அளந்த எண்ணை விட மேல ஏத்தலாம், கீழ இறக்கக் கூடாது. இறக்கினா அந்த ஸ்பீக்கர் எழுப்ப முடியாத பாஸை அதுகிட்ட கேக்கறீங்க. சப்வூஃபர் 4 மீட்டர்ல இருக்க 6 மீட்டர்னு காட்டினா மாத்தாதீங்க. சப்வூஃபருக்குள்ள நடக்கற தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்தத் தூரம்.

மார்ச் 16, காலை 10.10 – திருச்சி

80 எல்லாருக்கும் பொருந்தாது. 3 இஞ்ச், 4 இஞ்ச் கோன் இருக்கற சின்ன ஸ்பீக்கருக்கு 100 – 120 வைங்க.

மார்ச் 16, மதியம் 12.00 – பீளமேடு

ஆமா, 80 சொன்னது 5 இஞ்சுக்கு மேல உள்ளதுக்கு.

மார்ச் 29, இரவு 8.45 – மடிப்பாக்கம்

எல்லாம் மாட்டியாச்சு, நல்லா இருக்கு. ரெண்டு குறை. சப்வூஃபர்ல எப்பவும் ‘ம்ம்ம்’னு ஒரு உறுமல். சமையலறை ஆம்ப் போன்ல சில நேரம் தெரியுது, சில நேரம் காணோம்.

மார்ச் 29, இரவு 10.50 – பீளமேடு

உறுமலுக்கு: டிஷ்ஷோ கேபிளோ எதுவா இருந்தாலும் செட்டாப் பாக்ஸ்லேர்ந்து அந்த கோஆக்ஸைக் கழட்டிப் பாருங்க. நின்னா எர்த் லூப். மாடியில டிஷ் ஒரு எர்த், ஹால் பிளக் ஒரு எர்த், ரெண்டும் சப்வூஃபர் கேபிள் வழியா சந்திக்குது. கோஆக்ஸ்ல ஒரு ஐசொலேட்டர் போடலாம். அதைவிட சப்வூஃபர், ரிசீவர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாத்தையும் ஒரே பிளக் பாயிண்ட்டுலேர்ந்து எடுத்தா பல தடவை அதுவே போதும். மூணாவது பின்னை வெட்டறது மட்டும் கூடாது. யார் சொன்னாலும் கேக்காதீங்க. எர்த் இல்லாத இரும்புப் பெட்டியில குழந்தை கை வெச்சா உயிர்ப் பிரச்சினை.

ஆம்ப் காணாமப் போறதுக்கு: போனும் ஆம்பும் ஒரே வைஃபை பேர்லதானே இருக்கு? கெஸ்ட் நெட்வொர்க்ல இருந்தா ஒன்னையொன்னு பார்க்காது. ரவுட்டர்ல ‘ஐசொலேஷன்’னு எதாவது ஆன்ல இருந்தா அணைங்க. ஆப்பரேட்டர் கொடுத்த பெட்டியும், நீங்க வாங்கின ரவுட்டரும் ரெண்டுமே தனித்தனியா ஐபி கொடுத்தா வீட்டுக்குள்ள ரெண்டு நெட்வொர்க். ரெண்டாவதை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க. ஆம்ப் ரிசீவர் பக்கத்துலதான இருக்கு, ஒரு லான் கேபிளைச் சொருகிட்டா வைஃபையை நம்ப வேண்டியதே இல்ல.

மார்ச் 31, காலை 7.10 – மடிப்பாக்கம்

கோஆக்ஸ்தான். எல்லாத்தையும் ஒரே பாயிண்ட்ல போட்டதும் நின்னுடுச்சு. லான் கேபிளும் போட்டாச்சு, இப்ப காணாமப் போகலை. நன்றி சார்.

மார்ச் 31, காலை 9.30 – பீளமேடு

சந்தோஷம். ரிசீவருக்கு மேல நாலு இஞ்ச் இடம் விட்டிருக்கீங்களா? டிவி யூனிட்டோட பின்பலகையில வயர் வர்றதுக்குப் போட்ட ஓட்டையைச் சுத்தி கொசுவலை ஒட்டிடுங்க. ஸ்டாண்ட்பைலயும் உள்ள இளஞ்சூடு இருக்கும், பல்லி அதைத் தேடி மேல் துவாரம் வழியா இறங்கும். பவர் சப்ளை போர்டு மேல விழுந்தா பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. வலையை ரிசீவரோட துவாரத்து மேலயே ஒட்டாதீங்க, சூடு வெளியேறாது. யூனிட்டோட ஓட்டையில மட்டும்.